தோட்டத்துக் குளத்தில் எத்தனை லிட்டர்? கணக்கு தப்பும் இடங்கள்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் சிலர் வாசலிலோ பின்கட்டிலோ ஒரு சின்னக் குளமும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் அல்லி, நாலைந்து தங்கமீன், கொசுப்புழுவைத் தின்ன கப்பி மீன். தண்ணீர் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் கொத்தனார் சொன்னதுதான் பதிலாக வரும்: "பத்துக்கு ஆறு, மூணு அடி ஆழம். அஞ்சாயிரம் லிட்டர் வரும் சார்." மோட்டார், ஃபில்டர், மீனுக்குப் போடும் மருந்து எல்லாம் இந்த எண்ணை நம்பித்தான் வாங்கப்படுகின்றன. ஃபில்டர் பெரிதாகிப்போனால் காசு நட்டம், அவ்வளவுதான். மருந்து கூடிப்போனால் மீன் செத்து மிதக்கும். அதனால்தான் இந்தக் கணக்கைக் கறாராகப் போடச் சொல்கிறேன்.

அந்தப் பத்துக்கு ஆறையே எடுத்துக்கொள்வோம். 10 × 6 × 3 = 180 கன அடி. ஒரு கன அடி 28.32 லிட்டர், ஆக சுமார் 5,100 லிட்டர். பெருக்கலில் குறையில்லை, டேப் பிடித்த இடத்தில்தான் குறை. கொத்தனார் வானம் தோண்டும்போது பார்ப்பது வெளி அளவு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடியைச் சுவரே தின்றுவிடும். உள்ளே இருப்பது 8.5-க்கு 4.5 தான். மூன்றடி ஆழம் என்பதும் விளிம்பிலிருந்து எடுத்தது. ஓவர்ஃப்ளோ பைப் விளிம்புக்கு அரையடி கீழே இருந்தால் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது. நிற்பது இரண்டரை அடி. 8.5 × 4.5 × 2.5 போட்டால் 95.6 கன அடி, சுமார் 2,700 லிட்டர்.

அதோடும் நிற்கவில்லை. குளம் நீள்வட்டமாக இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிய கையோடு 0.785-ஆலும் பெருக்க வேண்டும். நாலு மூலையில் இல்லாத தண்ணீரைக் கழிப்பதற்காக அது. வட்டக் குளத்துக்கும் அதே எண்தான்: விட்டம் × விட்டம் × 0.785 × ஆழம். நம் குளமும் நீள்வட்டம் என்று வைத்தால் 2,130 லிட்டருக்கு வந்துவிட்டது. மீனுக்கு மருந்தாகப் போடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று ஐயாயிரத்து நூறுக்குக் கணக்குப் போட்டால் பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும். அதை இந்த 2,130 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 4.8 மில்லிகிராம். மீனின் செவுளைச் சுட்டுவிடக்கூடிய அளவு அது.

வட்டக் குளத்தில் ஆரத்தை வைத்துக் கணக்குப் போடப்போய், விட்டத்தை ஆரம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. விடை நாலு மடங்காகிவிடும். போன் கால்குலேட்டரில் 2 அடி 9 அங்குலத்தை 2.9 என்று தட்டுவது இன்னொன்று. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். ஆகவே அது 2.75. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்துவிடுங்கள், நேராக லிட்டர் வரும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

சிமென்ட் தொட்டியைவிட, குழி வெட்டி ஷீட் விரித்த குளத்தில்தான் கணக்கு அதிகம் தப்புகிறது. மேலே 10-க்கு 8, அடியில் 6-க்கு 4, ஆழம் 3 அடி என்று வையுங்கள். மேல் அளவை மட்டும் பிடித்தால் 240 கன அடி. கரை சரிவாக இறங்குவதால் உள்ளபடி இருப்பது 148 கன அடிதான். மேல் பரப்பு, அடிப் பரப்பு, நடு மட்டத்தின் பரப்பு போல நாலு மடங்கு மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்கினால் இந்த விடை கிடைக்கும். இங்கே நடு மட்டம் 8-க்கு 6, அதாவது 48, அதன் நாலு மடங்கு 192. 80 + 24 + 192, ஆக 296. ஆறால் வகுத்தால் 49.3, மூன்றால் பெருக்கினால் 148. காவேரிப்பாக்கம் மாதிரியான பெரிய ஏரிகளின் கொள்ளளவைப் போடும் பொறியாளர்களும் மேல் பரப்பை ஆழத்தால் பெருக்கிவிட்டுப் போவதில்லை. மட்டத்துக்கு மட்டம் பரப்பை எடுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அல்லித் தொட்டி வைக்க உள்ளே படி விட்டிருந்தால், படிக்கு மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வளைந்து நெளிந்த குளத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, சுற்றளவை நாலால் வகுத்துச் சதுரமாக்குகிறார்கள். இது ஆகவே ஆகாது. ஒரே சுற்றளவுக்குள் குறுகலான குளமும் அடங்கும், அகலமான குளமும் அடங்கும். பரப்பு வேறு வேறு. நீளவாக்கில் ஒரு கயிறு கட்டி, ஒவ்வோர் அடித் துண்டின் நடுவிலும் குறுக்கு அகலத்தை அளந்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் சதுர அடி. கயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும்.

பழைய குளமென்றால் அடியில் சேறு இருக்கும். வெறும் குச்சியை இறக்கினால் அது சேற்றைக் குத்திக்கொண்டு போய் ஆழத்தைக் கூட்டிக் காட்டும். குச்சி முனையில் ஒரு டப்பா மூடியை ஆணியடித்துவிட்டு இறக்கிப் பாருங்கள், மூடி சேற்றின் மேலேயே நின்றுவிடும். நடுவில் ஒரே இடத்தில் அளந்து அதுதான் ஆழம் என்று எடுக்காமல் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். கூழாங்கல்லையும் மறந்துவிடுகிறார்கள். முப்பது சதுர அடித் தரையில் நாலு அங்குலம் கல் பரப்பினால் பத்து கன அடி. அதில் இடுக்குகளில் தண்ணீர் நிற்பது சுமார் நாலு பங்கு, மீதி ஆறு பங்கும் கல். 170 லிட்டர் அங்கேயே கழிந்தது.

டேப் எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் தண்ணீரை விட்டு ஒருமுறை சரிபார்ப்பதுதான் எனக்கு நிம்மதி. அதிலும் தப்பு வரும். 20 லிட்டர் கேன் எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பார்த்து, ஹோஸை மாட்டிவிட்டு நேரத்தால் பெருக்குவார்கள். மாடித் தொட்டியில் மட்டம் இறங்க இறங்க ஹோஸில் வேகமும் குறையும், ஆகவே தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று மூன்று தடவையாவது கேன் பிடியுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டியை இரண்டு தடவை காலி செய்தேன், ஆக ரெண்டாயிரம் என்று சொல்வதற்கு முன்னால், இடையில் தானியங்கி மோட்டார் ஓடியதா, வீட்டில் யாராவது குளித்தார்களா, துணி துவைத்தார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். டேங்கர் லாரிக்காரர் சொல்லும் லிட்டரை அளவாக எடுக்க வேண்டாம்.

குளம் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தால் உப்பை வைத்து அளக்கலாம். டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) குளத்துத் தண்ணீரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, எடை போட்ட உப்பைத் தனியாக ஒரு பக்கெட்டில் கரைத்து ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, நன்றாகக் கலந்தபின் மறுபடி பார்க்க வேண்டும். எவ்வளவு ஏறியது என்பதுதான் கணக்கு. மொத்தத்தைப் பார்த்தால் தப்பிவிடும். வேலூர்ப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புச் சேராமலே மீட்டரில் கனமாகத்தான் காட்டும். அதோடு எல்லா மீட்டரும் ஒரே உப்புக்கு ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. அதனால் உப்புப் போடும் முன்பே அந்தக் குளத்துத் தண்ணீரில் பத்து லிட்டர் எடுத்து, அதே உப்பில் பத்து கிராம் கரைத்து, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஒரு கிராமுக்கு உங்கள் மீட்டர் 900 ஏறுகிறது, குளத்தில் ஒரு கிலோ உப்புக்கு 420 ஏறியது என்றால், ஆயிரம் லிட்டரை 900-ஆல் பெருக்கி 420-ஆல் வகுங்கள்: 2,140 லிட்டர். நாட்டு அல்லிக்கும் மீனுக்கும் இந்த அளவு உப்பு தாங்கும்.

மோட்டார் பெட்டியில் காலன் போட்டிருந்தால் எந்தக் காலன் என்று பாருங்கள். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர்.

கிடைத்த எண்ணைக் குளத்துச் சுவரிலேயே தண்ணீர் மட்டத்துக்கு நேரே பெயின்டில் எழுதிவையுங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் நீள்வட்டக் குளத்துக்கு அது 71 லிட்டர். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று அங்குலம் இறங்கியிருக்கும்போது முழுக் குளத்துக்கான மருந்தைப் போட்டால் 213 லிட்டருக்கான மருந்து அதிகப்படி. குளத்தில் உப்புப் போட்டு வைத்திருந்தால், ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஆகையால் குறைந்ததை ஈடுகட்டும்போது வெறும் தண்ணீரை விடுங்கள். உப்புச் சேர்ப்பது, தண்ணீரை இறைத்து வெளியேற்றினால் அந்த அளவுக்கு மட்டும்.