ஜெராக்ஸ் மெஷினிலிருந்து மெயில்: பாதியில் நின்றுபோகாத ஸ்கேன்-டு-ஈமெயில் அமைப்பு

காப்பியரில் ஸ்கேன்-டு-ஈமெயில், அதாவது ஸ்கேன் செய்த தாளை மெஷினே நேராக மெயிலில் அனுப்பும் வசதி, போட்டுக் கொடுப்பது சின்ன வேலைதான். டெஸ்ட் மெயில் போனதும் சர்வீஸ் ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சில மாதம் கழித்து, அதுவும் ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசித் தேதியாகப் பார்த்து, மெயில் போகாது. மெஷினில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். விசாரித்தால், முதலாளி தன் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார். மெயின் பாஸ்வேர்டை மாற்றினால் கூகுள் அந்த அக்கவுண்டின் ஆப் பாஸ்வேர்டுகளையும் (மெஷின் போன்றவை நுழைவதற்கென்று தனியாக எடுக்கும் பாஸ்வேர்டு) சேர்த்து ரத்து செய்துவிடும்.

அதனால் மெஷினைத் தொடும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அனுப்பும் அக்கவுண்ட் எந்த ஆளுடைய சொந்த மெயிலாகவும் இருக்கக்கூடாது. ஸ்கேனருக்கென்றே தனி அக்கவுண்ட் ஒன்று வேண்டும்.

எந்த வழியாக அனுப்புவது

சின்ன ஆபீசுக்குச் சாதாரண ஜிமெயிலே போதும். ஆனால் வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டால் வேலை செய்யாது. தனிநபர் அக்கவுண்டுகளுக்கு கூகுள் அதை 2022 மே 30-ஓடு நிறுத்திவிட்டது. நிறுவனங்களுக்கான கூகுள் ஒர்க்ஸ்பேஸ் அக்கவுண்டுகளுக்கும் 2025 மே முதல் கிடையாது. புது அக்கவுண்டில் 2-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்தபின், ஆப் பாஸ்வேர்டு உருவாக்குங்கள். 16 எழுத்து வரும். திரையில் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். மெஷினில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். அந்த 2-ஸ்டெப்புக்கு எந்த போன் நம்பர் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. ரிசப்ஷனில் இருப்பவரின் நம்பரைக் கொடுத்து, அவர் வேலையை விட்டுப் போனால், அக்கவுண்டுக்குள் யாருமே நுழைய முடியாது. பேக்கப் கோடுகளை அச்சடித்து ஆபீஸ் ஃபைலில் வைத்துவிடுங்கள்.

சொந்த டொமைனில் ஒர்க்ஸ்பேஸ் இருந்து, இன்டர்நெட் கனெக்‌ஷனில் ஸ்டாடிக் ஐபியும் (மாறாத ஐபி முகவரி) இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: கூகுளின் எஸ்எம்டிபி ரிலே. எஸ்எம்டிபி என்பது மெயில் அனுப்பும் முறை; ரிலே என்பது உங்கள் மெயிலை வாங்கி மேலே அனுப்பும் சர்வர். அட்மின் கன்சோலில் உங்கள் ஐபியை அனுமதித்துவிட்டால் பாஸ்வேர்டே தேவையில்லை. மாறுவதற்குப் பாஸ்வேர்டு இல்லையென்றால் நின்றுபோக ஒரு காரணம் குறைகிறது. சாதாரண பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஸ்டாடிக் ஐபி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் யூசர்நேம், பாஸ்வேர்டு வழி இப்போது சிக்கலானது. அந்த மெயில்பாக்ஸுக்கு 'ஆதென்டிகேட்டட் எஸ்எம்டிபி' தனியாக ஆன் ஆகியிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் பொதுப் பாதுகாப்பு செட்டிங்கான செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ் ஆனில் இருந்தால் அதுவும் பலிக்காது. வெறும் பாஸ்வேர்டில் நுழையும் இந்த முறையையே மூடப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்து, தேதியைப் பலமுறை தள்ளிப்போட்டிருக்கிறது. புதிதாக அமைப்பவர்கள் அதை நம்பி ஆரம்பிக்க வேண்டாம். மெஷின் புதியதென்றால், ஃபர்ம்வேரை அப்டேட் செய்து ஓஆத் 2.0 (பாஸ்வேர்டை மெஷினில் வைக்காமல் நுழையும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்டாடிக் ஐபியை வைத்து மைக்ரோசாஃப்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஒரு கனெக்டர் (உங்கள் ஐபியிலிருந்து வரும் மெயிலை ஏற்கச் சொல்லும் அமைப்பு) போடுங்கள். ஆபீசுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் போனால் போதும் என்றால் டைரக்ட் சென்ட் (லாகின் இல்லாமல் நேராக மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கொடுப்பது) போதும், ஆனால் அதற்கு போர்ட் 25 (சர்வருக்குள் போகும் வாசல் எண்) வேண்டும். பல பிராட்பேண்ட் கனெக்‌ஷன்களில் அந்த போர்ட் அடைக்கப்பட்டிருக்கும்.

மெஷினில் நிரப்ப வேண்டியவை

மெஷினின் ஐபியை பிரவுசரில் அடித்து அதன் வெப் பக்கத்துக்குள் போய்ச் செய்யுங்கள். டச் ஸ்கிரீனில் 16 எழுத்து பாஸ்வேர்டைத் தப்பில்லாமல் அடிப்பது பெரும்பாடு.

முதலில் நெட்வொர்க். ஐபியை ஸ்டாடிக்காக வையுங்கள், அல்லது ரவுட்டரில் ரிசர்வ் செய்யுங்கள். கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் எழுந்திருப்பதற்குள் மெஷின் எழுந்துவிட்டால் அதற்கு ஐபி கிடைக்காது, 169.254 என்று ஆரம்பிக்கும் ஒன்றைத் தானே வைத்துக்கொள்ளும். ஸ்டாடிக் போடுகிறவர்கள் அடிக்கடி மறப்பது டிஎன்எஸ். பிரிண்ட் எடுக்க டிஎன்எஸ் வேண்டியதில்லை. அதனால் அந்தக் கட்டம் காலியாக இருப்பது யார் கண்ணிலும் படாது. மெயில் சர்வரின் பெயரை ஐபியாக மாற்ற அது கட்டாயம் வேண்டும். 8.8.8.8 போட்டால் போதும். கேட்வேயும் (ரவுட்டரின் ஐபி) சரியாக இருக்கட்டும்.

அடுத்து கடிகாரம். இதை யாரும் சந்தேகிப்பதில்லை. பழைய மெஷினில் போர்டு பேட்டரி செத்திருந்தால், சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சர்வர் காட்டும் சர்டிஃபிகேட் அந்தத் தேதிக்கு இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்று என்று மெஷின் நினைத்து, கனெக்‌ஷனை வெட்டிவிடும். நேரத்தை நெட்டிலிருந்து எடுக்கும் எஸ்என்டிபி பகுதியில் டைம்.கூகுள்.காம் கொடுத்து, டைம் ஜோனை +5:30 வையுங்கள். பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்கள்.

இனி எஸ்எம்டிபி. ஜிமெயிலுக்கு சர்வர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம். போர்ட் 587 என்றால் என்க்ரிப்ஷன் ஸ்டார்ட்-டிஎல்எஸ். போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல். இந்த ஜோடி மாறிப்போவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. 465-இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ் வைத்தால், சர்வர் முதலில் பேசட்டும் என்று மெஷின் காத்திருக்கும். மெஷின் என்க்ரிப்ஷனை ஆரம்பிக்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். கடைசியில் டைம்-அவுட் ஆகும். பாஸ்வேர்டு தப்பு என்று எந்த எர்ரரும் வராததால் ஆட்கள் இன்டர்நெட்டைக் குறை சொல்வார்கள். சில மாடல்களுக்கு இரண்டில் ஒரு முறைதான் தெரியும். ஒரு ஜோடி ஓடவில்லையென்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

யூசர்நேமில் முழு மெயில் முகவரி வேண்டும். 'ஃப்ரம்' முகவரியும் அதே முகவரியாக இருக்கட்டும். சில மெஷின்கள் அட்மின் மெயில் என்று வேறொரு பக்கத்தில் கொடுத்ததை எடுத்து ஃப்ரம்மில் போட்டுவிடும். மைக்ரோசாஃப்ட் சர்வர் அதை 5.7.60 என்று சொல்லித் திருப்பியனுப்பும்.

ஆபீசில் ஃபயர்வால் இருந்து, அது என்க்ரிப்ட் ஆன டிராஃபிக்கைப் பிரித்துப் பார்க்கிறதென்றால், மெஷினின் ஐபியை அதிலிருந்து விலக்குங்கள். நடுவில் ஃபயர்வால் தன் சர்டிஃபிகேட்டை நீட்டும்; காப்பியர் அதை ஏற்காது.

ஃபைல் எவ்வளவு பெரியது

டெஸ்ட் மெயில் ஒரு பக்கம். நிஜ வேலை 60 பக்கப் பத்திரம். ஏ4 தாளை 300 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே சுமார் 26 எம்பி. ஜேபெக் சுருக்கிய பிறகும் பக்கத்துக்கு அரை எம்பி, ஒரு எம்பி ஆகும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. அட்டாச்மென்ட் மெயிலில் ஏறும்போது என்கோடிங்கால் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால், நடைமுறையில் 18 எம்பிக்கு மேல் ஃபைல் போகாது.

வெறும் எழுத்துள்ள தாள்களுக்கு 300 டிபிஐ கருப்பு-வெள்ளையை டிஃபால்ட்டாக வையுங்கள். பக்கத்துக்குப் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கும். சீல், கலர் மை, போட்டோ உள்ளவற்றுக்கு 200 டிபிஐ கலரில் காம்பாக்ட் பிடிஎஃப் என்று தனி பட்டன் போட்டுக் கொடுங்கள். ஆபீசில் எல்லோரும் அந்தப் பட்டனைத்தான் அழுத்துவார்கள், செட்டிங்கை யாரும் மாற்ற மாட்டார்கள். பெரிய மெயிலை சைஸ் பார்த்துத் துண்டாக்கி அனுப்பும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அந்தத் துண்டுகளை ஜிமெயில் ஒட்டவைக்காது. பெறுபவர் கைக்குத் திறக்க முடியாத குப்பைதான் போகும். பக்கவாரியாகப் பிரிப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

பழைய மெஷின் என்றால்

ரீகண்டிஷன் செய்த இறக்குமதி மெஷின்கள் நம் ஊரில் ஏராளம். அச்சு அருமையாக வரும். ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு டிஎல்எஸ் 1.2 என்ற புதிய என்க்ரிப்ஷன் முறை தெரியாது. அதற்காக மெஷினை மாற்ற வேண்டியதில்லை. பழைய பிசி ஒன்றிலோ ராஸ்பெரி பை ஒன்றிலோ லினக்ஸ் ஏற்றி போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் சாஃப்ட்வேர் போடுங்கள். காப்பியர் என்க்ரிப்ஷன் இல்லாமல் போர்ட் 25-இல் அதனிடம் கொடுக்கும். அது 587 வழியாக, டிஎல்எஸ்ஸோடு, ஜிமெயிலுக்குத் தள்ளும். 'ரிலேஹோஸ்ட்' என்ற இடத்தில் ஜிமெயில் சர்வர். 'மைநெட்வொர்க்ஸ்' பட்டியலில் காப்பியரின் ஐபியை மட்டும் சேருங்கள். விரித்துவிட்டால் வைரஸ் பிடித்த எந்த கம்ப்யூட்டரும் உங்கள் பெயரில் ஸ்பாம் அனுப்பும். இன்னொன்று, போஸ்ட்ஃபிக்ஸ் டிஃபால்ட்டாக 10 எம்பிக்கு மேல் மெயிலை ஏற்காது. அந்த வரம்பை 25 எம்பியாக உயர்த்துங்கள்.

மெஷின் புதியதாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டைத்தான் சிபாரிசு செய்வோம். நெட் போனால் காப்பியர் சில தடவை முயன்றுவிட்டு மெயிலைக் கைவிட்டுவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் டிஃபால்ட்டாக 5 நாள் வரை க்யூவில் வைத்திருந்து, நெட் வந்ததும் அனுப்பும். எது போனது, எது ஏன் நின்றது என்று லாகிலும் இருக்கும்.

போகவில்லை என்றால்

எர்ரர் எண்ணைக் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கேனனில் 839 வந்தால் யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தப்பு, 752 என்றால் சர்வர் பெயரோ சர்வரோ சரியில்லை, 801 டைம்-அவுட், 755 என்றால் நெட்வொர்க்கே இல்லை. கியோசெராவில் 1101 சர்வர் பெயர், 1102 லாகின். ஜிமெயில் 535 என்று பதில் சொன்னால் ஆப் பாஸ்வேர்டு ரத்தாகியிருக்கும், புதிதாக எடுங்கள். 5.4.5 என்றால் அன்றைய கோட்டா தீர்ந்துவிட்டது. சாதாரண ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 500, ஒர்க்ஸ்பேஸுக்கு 2000.

எர்ரர் இல்லாமலும் மெயில் போய்ச் சேராமல் இருக்கலாம். மெஷின் ரிப்போர்ட்டில் 'ஓகே' என்றால் சர்வர் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். முகவரியில் ஓர் எழுத்து தப்பினால் அது திரும்பி வரும், யாரும் திறக்காத ஸ்கேனர் அக்கவுண்டின் இன்பாக்ஸுக்கு! அந்த இன்பாக்ஸை ஆபீசில் மெயில் பார்க்கும் ஒருவருக்கு ஃபார்வர்ட் போடுங்கள். அனுப்பிய ஒவ்வொரு ஸ்கேனும் அதன் 'சென்ட்' ஃபோல்டரிலும் சேரும். இலவச ஜிமெயிலின் 15 ஜிபி நிரம்பினால் மெயில் அனுப்புவது நின்றுவிடும். மாதம் ஒருமுறை பழையவற்றை அழித்து, டிராஷையும் காலி செய்யுங்கள்.

எல்லாம் ஓடியபின் அட்ரஸ் புக்கையும் செட்டிங்கையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். போர்டோ ஹார்டு டிஸ்க்கோ மாற்றினால் இரண்டும் போய்விடும். மெஷின் வாடகைக்கு எடுத்தது என்றால், திருப்பிக் கொடுக்கும் நாளில் கூகுள் அக்கவுண்டில் அந்த ஆப் பாஸ்வேர்டை நீக்கிவிட்டு அனுப்புங்கள். மெஷினுக்குள் இருக்கும் பாஸ்வேர்டை அழித்தார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.