எல்லையோரப் பாலையில் வில்வேட்டை: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

அரிசோனாவின் தென்கோடியில், டூசான் நகருக்கும் மெக்சிகோ எல்லைக்கும் இடையே கிடக்கும் மலைகளில் ஜனவரி மாதம் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். மானே கண்ணில் படாமல் திரும்புகிறவர்கள் சிலரே. எதிர்ச்சரிவில் படுத்திருந்த மானைக் காலையிலேயே கண்டும், அதற்கு நாற்பது மீட்டருக்குள் போய்ச் சேர வழியில்லாமல் திரும்புகிறவர்களே அதிகம். துப்பாக்கிக்காரருக்கு மானைக் கண்டுவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்துவிடுகிறது; வில்லாளிக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. வீட்டில் வரைபடத்தை விரித்து உட்காரும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதே மூலத் தவறு, மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைத்தவை. (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதால், இங்கே எழுதப்படுவது உரிமம் பெற்று நடக்கும் அமெரிக்க வேட்டைக்கு மட்டுமே பொருந்தும்.)

எந்த மானைத் தேடுகிறோம் என்பதை முடிவு செய்யாமல் புறப்படுவது அடுத்த தவறு. அங்கே இரண்டு வகை மான்கள் உண்டு. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரங்களும் கிரியோசோட் புதர்களும் நிறைந்த தாழ்நிலத்தில், கோவேறுகழுதையைப் போன்ற பெரிய காதுகளுடைய மியூல் மான் திரிகிறது. அதற்கு மேலே, ஏறத்தாழ 1,200 மீட்டரிலிருந்து ஓக் மரங்களும் புல்லும் கலந்த குன்றுகளில் கூஸ் வெள்ளைவால் மான் வாழ்கிறது. இது உருவத்தில் சிறியது; வளர்ந்த ஆண்மான்கூட 45 கிலோவைத் தாண்டுவது அரிது. ராணுவ மருத்துவரும் பறவையியலாளருமான எலியட் கௌஸ் என்பவரின் பெயரைத் தாங்கிய மான் இது. அவர் குடும்பத்தார் தங்கள் பெயரை ‘கௌஸ்’ என்றுதான் உச்சரித்தார்கள் என்றாலும், வேட்டைக்காரர்களின் வாயில் அது கூஸாகிவிட்டது, இனி மாறப்போவதுமில்லை. தாழ்நிலத்துக்கு ஒரு நாள், குன்றுக்கு ஒரு நாள் என்று பங்கு போட்டுக்கொள்கிறவர்களுக்கு இரண்டுமே கைகூடாமல் போவதுண்டு.

காலத்தைக் கணிப்பதிலும் வெளிமாநிலத்தார் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் வெள்ளைவால் மான்களின் இணைசேர் பருவம் நவம்பரில் வரும் என்பதால், அதே கணக்கை இங்கும் போடுகிறார்கள். இந்தப் பாலையில் பசுமை தருவது ஜூலையில் தொடங்கும் கோடை மழை. தாய்மானுக்கு மேய்ச்சல் கிடைக்கும் ஆகஸ்டில் குட்டி பிறக்க வேண்டுமானால், ஏறத்தாழ இருநூறு நாள் சினைக்காலத்தைப் பின்னோக்கி எண்ணும்போது ஜனவரி நடுப்பகுதி வருகிறது. அந்த நாட்களில்தான் ஆண்மான் தன் எச்சரிக்கையைச் சற்றே இழந்து, பட்டப்பகலிலும் பெண்மானின் பின்னால் நடக்கிறது. விடுமுறைக்கு மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால், அவற்றை டிசம்பரில் செலவழிப்பதைவிட ஜனவரியில் செலவழிப்பதே மேல்.

இப்போது நெருங்கும் வேலைக்கு வருவோம். முக்காலியில் பொருத்திய பெரிய பைனாகுலரால் விடியற்காலையிலிருந்து எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகத் துழாவுவது அந்தப் பகுதியின் வழக்கம். காட்சி எங்கே நன்றாக விரிகிறதோ அங்கே போய் உட்காருவது இயல்புதான். ஆனால் அந்த இடத்திலிருந்து எதிரே தெரியும் மானிடம் போக ஒரு வழி இருக்கிறதா என்று முன்னதாகவே பார்க்க வேண்டும். வரைபடத்தில் எண்ணூறு மீட்டர் என்று தெரிவது, ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, பூனைநகம் என்று அழைக்கப்படும் கொக்கிமுள் புதர்களுக்குள் நுழைந்து, கணுக்காலைக் குத்தும் சிறு கற்றாழைகளையும் சப்பாத்திக்கள்ளியையும் சுற்றி, உருளும் கற்கள் மேல் ஏறி முடிப்பதற்குள் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆகையால் மேய்ந்துகொண்டிருக்கும் மானைத் துரத்திப் போவதில் பயனில்லை. அது முற்பகலில் நிழல் பார்த்துப் படுக்கும் வரை காத்திருந்து, படுத்த பிறகு புறப்படுவதே முறை.

புறப்படும் முன் செய்யாமல் விடும் ஒரு சின்னக் காரியம் பலருடைய நாளைக் கெடுக்கிறது. மான் படுத்திருப்பது மூன்று கிளையுள்ள ஓர் ஒகொட்டியோச் செடியின் இடப்பக்கம், வெளிறிய பாறைக்குக் கீழே என்று இந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரியும். அந்தச் சரிவில் ஏறி நின்று பார்த்தால் அதே போன்ற ஒகொட்டியோக்கள் இருபது நிற்கும், வெளிறிய பாறை எதுவென்றே தெரியாது. பைனாகுலரின் கண்ணாடி வழியே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அதைத் திருப்பிப் பார்த்து இடத்தை அடையாளம் காணலாம்.

காற்றைப் பற்றித் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் மலைக்காற்று நேரத்துக்கு நேரம் திசை மாறுவதைத் திட்டத்தில் சேர்ப்பவர்கள் குறைவு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளம் நோக்கி வழிகிறது. சரிவில் வெயில் ஏறிச் சூடு பிடித்ததும் அது மேல்நோக்கித் திரும்புகிறது. அதனால் விடியலில் மேலிருந்து இறங்குகிறவரின் வாடை அவருக்கு முன்பே மானிடம் போய்விடும்; அதே மனிதர் பத்து மணிக்கு மேல் அதே வழியில் இறங்கினால் வாடை அவருக்குப் பின்னால் மேலேறிப் போய்விடும். மாலையில் நிழல் விழுந்ததும் கணக்கு மீண்டும் தலைகீழாகும்.

எய்யும் தூரத்தைப் பற்றிய தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். சமதள மைதானத்தில் அறுபது மீட்டர் இலக்கைத் தவறாமல் அடிக்கிறவர், மலையிலும் அதையே செய்துவிடலாம் என்று எண்ணுகிறார். முப்பது பாகைச் சரிவில் கீழே நிற்கும் மான் நேர்கோட்டில் ஐம்பது மீட்டர் தொலைவில் இருந்தால், அம்பின் இறக்கத்துக்குக் கணக்காவது கிடைமட்டத் தூரம் என்பதால், அம்புக்கு அது ஏறத்தாழ 43 மீட்டர்தான். வில்லில் குறிபார்க்க உதவும் முட்களில் ஐம்பது மீட்டருக்கு உரியதை வைத்து எய்தால் அம்பு ஒரு சாண் மேலே போய், முதுகை உரசிப் பறந்துவிடும். கோணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் தூரமானி இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. தீராத தொல்லை ஒலி. நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் பறக்கும் அம்பு நாற்பது மீட்டரைக் கடக்க ஏறத்தாழ அரை நொடி எடுக்கிறது. நாணின் ஓசையோ அதில் கால் பங்கு நேரத்திலேயே மானின் காதை எட்டிவிடுகிறது. மீதி நேரத்தில் கூஸ் மான், பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது, அம்பு அதன் மேலாகப் போகிறது. விழிப்போடு தலையைத் தூக்கி நிற்கும் மான் மீது நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து எய்யாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பலர் இதை ஏற்க மாட்டார்கள்.

சட்டம் சார்ந்த தவறுகளில் மிகுதியானவை பழைய தகவலை நம்புவதால் வருபவை. கடையில் வாங்கும் வில்வேட்டை டேக் (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு) ஆண்டு முழுவதும் எந்த அலகிலும், அதாவது வேட்டைக்காக மாநிலம் பிரித்திருக்கும் எந்தப் பகுதியிலும், செல்லும் என்று சிலர் நினைக்கிறார்கள். இப்போது அலகு தோறும் வீழ்த்தப்படும் மான்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த எண்ணிக்கை எட்டப்பட்டால் அடுத்து வரும் புதன்கிழமை மாலையோடு அந்த அலகு மூடப்படும். எனவே புறப்படும் நாளன்று நிலவரத்தைப் பார்ப்பதும், மாற்று அலகு ஒன்றைத் தயாராக வைத்திருப்பதும் அவசியம். மானை வீழ்த்தியவர் 48 மணி நேரத்துக்குள் மாநில வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராக்களை வேட்டைக்குப் பயன்படுத்துவது 2022 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. விலங்குகளும் மாடுகளும் நீர் குடிக்கும் குட்டையிலிருந்து கால் மைலுக்குள், அதாவது நானூறு மீட்டருக்குள், கூடாரம் அடிப்பதும் குற்றமே.

நிலம் யாருடையது என்பதும் அங்கே சிக்கலான கேள்வி. கொரனாடோ தேசிய வனத்துக்குள்ளேயே தனியார் பண்ணைகள் உண்டு; மேற்கே டொஹோனோ ஓ’ஓடம் பழங்குடி மக்களின் நிலத்தில் மாநில உரிமம் செல்லாது; ஆர்கன் பைப் தேசிய நினைவிடம் எனப்படும் பாதுகாக்கப்பட்ட பாலைப்பகுதியில் வேட்டையே கிடையாது. 2025 முதல் எல்லைக்கோட்டை ஒட்டிய சில நீளங்கள் ராணுவப் பாதுகாப்புப் பகுதிகளாகவும் அறிவிக்கப்பட்டுள்ளன. காயம்பட்ட மான் எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டால் வேட்டை அதோடு முடிந்தது. மலைகளின் சில இடங்களில் எல்லை என்பது வெறும் முள்கம்பியாக இருக்கலாம், ஆனால் அதைத் தாண்டுகிறவர் வில்லோடு சட்டவிரோதமாக மெக்சிகோவுக்குள் நுழைந்தவர் ஆகிறார். எனவே கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எய்வதில்லை என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

எல்லைக் காவலர்களின் வண்டிகளும் ஹெலிகாப்டர்களும் அங்கே அன்றாடக் காட்சி; அவர்கள் விசாரித்தால் எரிச்சல்படாமல் உரிமத்தைக் காட்டிவிட்டு நடக்கலாம். கைபேசி மெக்சிகோ கோபுரத்தோடு இணைந்துகொள்வதும் நேரும் என்பதால், செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று தேவை. பாலையைக் கால்நடையாகக் கடந்து வருகிறவர்கள் எதிர்ப்படலாம். தாகத்தால் தளர்ந்திருப்பவருக்குத் தண்ணீர் கொடுத்து அவசர உதவியை அழைப்பதில் தயங்க ஒன்றுமில்லை.

தண்ணீரைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வரைபடத்தில் நீல நிறத்தில் காட்டப்படும் ஓடைகள் பெரும்பாலும் வறண்ட மணல்தான். ஜனவரியில் இரவு உறைநிலைக்குக் கீழே போவதால் கம்பளியை நினைவில் வைக்கிறவர், நண்பகலில் வறண்ட காற்று உறிஞ்சும் வியர்வையை மறந்துவிடுகிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் எடுத்துப் போவது மிகையல்ல. ஆகஸ்ட் வேட்டை என்றால் கவலை இரட்டிப்பு: பிற்பகல் இடிமழையில் வறண்ட ஓடை திடீரென வெள்ளமாகும், வீழ்த்திய மானின் இறைச்சியும் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். தோலை உடனே உரித்து, இறைச்சியைத் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டு, வண்டியில் பனிக்கட்டிப் பெட்டியையும் நிறைத்து வைத்திருக்க வேண்டும். கூஸ் மானில் எலும்பு நீக்கிய இறைச்சி பதினைந்து கிலோ அளவே தேறும் என்பதால், காலையில் தண்ணீர் சுமந்து வந்த அதே முதுகுப்பையில், அது காலியான இடத்திலேயே, ஒரே நடையில் கொண்டுவந்துவிடலாம்.