வூஷூவின் 'வூ': போரை நிறுத்தவா, போருக்குக் கிளம்பவா?

தற்காப்புக் கலை சொல்லித்தருபவர்கள் ஆர்வத்தோடு சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. சீனத் தற்காப்புக் கலையான வூஷூவின் பெயரில் வரும் 'வூ' என்ற சீன எழுத்தைப் பிரித்தால் 'நிறுத்து', 'ஆயுதம்' என இரண்டு கிடைக்கும். ஆகவே வூ குறிக்கும் வீரம் என்பது போரை நிறுத்துவதே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து பிறந்த கதையாக இதைச் சொல்லக் கூடாது.

இது 'ஸுவோ சுவான்' என்ற பழைய வரலாற்று நூலில் வருவது. கி.மு. 597இல் பீ என்ற இடத்தில் ஜின் படையைச் சூ நாடு முறியடித்தது. எதிரிகளின் பிணங்களைக் குவித்து வெற்றிமேடு எழுப்பலாம் என்கிறார் ஒருவர். சூ அரசர் சுவாங் மறுக்கிறார். எழுத்தைப் பிரித்துக் காட்டி, ஆயுதத்தை அடக்குவதே வூ என்கிறார். வன்முறையைத் தடுப்பது, மக்களுக்கு அமைதி தருவது என அதற்கு ஏழு குணங்களை அடுக்கிவிட்டு, அதில் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்கிறார்! பிணமேடு வேண்டாம் என்பதற்கான வாதம் அது. அந்த வகையில் அபாரமான வாதம். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் முடித்த அகராதி அதையே சொற்பிறப்பாகப் பதிந்துவிட்டது.

பண்டைய சீனாவின் ஷாங் அரசமரபுக் காலத்தில் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய எழுத்துகள் அறிஞர் கவனத்துக்கு வந்தது 1899இல்தான். அவற்றில் வூ என்பது மேலே 'கெ' என்னும் ஆயுதம், கீழே ஒரு பாதம். அந்தப் பாதம்தான் பிற்பாடு 'நிறுத்து' என்ற பொருளை ஏற்றது. 'நடை'க்கான எழுத்திலும் அதே பாதம் இரண்டு முறை வருகிறது. அதை 'நிறுத்து, நிறுத்து' என்றா படிப்பது? ஆயுதமேந்திக் கிளம்பும் படை என்பதே இன்று பலரும் ஏற்கும் வாசிப்பு.

கெ என்பதை ஈட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஈட்டி குத்தும், கெ, கம்பின் தலையில் குறுக்காகப் பொருத்திய கத்தி, கொத்தி இழுக்கும்.

இந்த எழுத்தைப் பச்சை குத்திக்கொள்பவர்கள் கவனிக்க: வூவுக்கு 8 கோடுகள். தனி 'கெ'யில் நீண்ட சாய்கோட்டை வெட்டும் ஒரு கீற்று உண்டு. வூவில் அந்த இடத்தில் அது கிடையாது. போட்டால் பிழை.

காதில் 'வூ' என்று விழுவதெல்லாம் இந்த எழுத்து அல்ல. 'ஐந்து', 'நடனம்' இரண்டுக்கும் தொனிகூட (குரலின் ஏற்ற இறக்கம்) இதேதான், எழுத்து வேறு. தாவோயிஸம் என்ற சீனத் தத்துவம் சொல்லும் 'வூவெய்'யில் (செயலின்மை) உள்ள வூவுக்கு 'இல்லாமை' என்று பொருள். வூஹானில் இருப்பது நம் எழுத்து. போதிதர்மரைச் சந்தித்ததாகக் கதை சொல்லும் லியாங் பேரரசர் வூவின் பட்டத்திலும் அதுவே.