குவியலுக்குக் காவல் இருக்காதீர்கள்

ஓணம் விடுமுறைக்குக் கொழிஞ்சாம்பாறை மாமா வீட்டுக்குப் போனால் திண்ணையில் போக்கர் சீட்டாட்டம் உண்டு. காசு கிடையாது, பந்தயம் வைக்கும் வில்லைகளான சிப்ஸுக்குப் பதில் புளியங்கொட்டை. (சிப்ஸ் என்றால் அங்கே நேந்திரங்காய்தான், அது தனித் தட்டில்.)

போன முறை ஒரு மணி நேரத்திலேயே என் முன்னால் கொட்டை குவிந்துவிட்டது. அப்புறம்தான் பயம் பிடித்தது. கையில் ஜோடி ராஜா. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் வைக்கும் பொதுச்சீட்டு திறக்கும் முன் அதை மிஞ்சுவது ஜோடி ஏஸ் மட்டுமே. ஆனாலும் எதிரில் ஒருவர் பந்தயத்தை ஏற்றியதும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டேன். "ஆட வந்தியா, கொட்டைக்குக் காவல் இருக்க வந்தியா?" என்றார் மாமா.

இப்போது செய்வது இதுதான். சீட்டைப் பார்த்ததும், 'கொட்டை குவியாத முதல் சுற்றிலேயே இது வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?' என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் எதுவோ அதைத்தான் ஆடுகிறேன். பிறகு எதிராளியின் குவியலைப் பார்க்கிறேன். என்னிடம் 200 கொட்டை இருந்தாலும், எதிரில் இருப்பவர் ஒருவர்தான், அவரிடம் 40 என்றால், அந்த ஆட்டத்தில் எனக்குப் போகக்கூடியது 40தான். இதை நினைத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

எழுந்திருக்கும் நேரத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் ஜெயித்ததை எடுத்துப் பைக்குள் போடுவது போக்கரில் முறையில்லை. மொத்தமாக எழுந்து போகலாம், அதில் தப்பில்லை.

போனில் பணம் கட்டி ஆடுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு இல்லை. அதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமே தடை செய்திருக்கிறது.