எவுஜெனியு கராடாவைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

எவுஜெனியு கராடாவை (1836–1910) அறிமுகப்படுத்தும்போது ‘ருமேனிய தேசிய வங்கியின் முதல் ஆளுநர்’ என்று தொடங்கிவிடாதீர்கள். 1880-ல் வங்கி உருவாகப் பாடுபட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையதுதான். ஆனால் முதல் ஆளுநர் இயோன் கம்பினியானு. கராடா கடைசிவரை ஆளுநர் ஆகவே இல்லை. இயக்குநர்களில் ஒருவராக இருந்துகொண்டே வங்கியை நடத்தினார். அமைச்சர் பதவியையும் ஏற்கவில்லை. அதனால் பதவிப் பட்டியலை வைத்து அவரை அளந்தால் ஆளே காணாமல் போய்விடுவார். பத்திரிகையாளராக இருந்து, 1866-ல் நாட்டை ஆண்ட இளவரசர் குசாவைப் பதவியிலிருந்து இறக்கிய சதியில் பங்கேற்று, பிறகு வங்கிக்கு வந்தவர் அவர். எழுத வேண்டியது அந்தப் பாதையைத்தான்.

அடுத்தது ரொசெட்டி குழப்பம். இதில் நன்றாகப் படித்தவர்களே தடுமாறுவார்கள். கராடா வேலை பார்த்த ‘ரோமனுல்’ பத்திரிகையை நடத்தியவர் சி.ஏ. ரொசெட்டி, 1848 புரட்சியில் நின்ற தாராளவாதி. தியோடர் ரொசெட்டி வேறு ஆள், பழமைவாதக் கட்சிக்காரர். 1888–89-ல் பிரதமர், 1890 முதல் 1895 வரை தேசிய வங்கியின் ஆளுநர். ‘ரொசெட்டி’ என்று மட்டும் எழுதினால், கராடா போன்ற தாராளவாதிகள் உருவாக்கிய வங்கிக்குள் எதிர்முகாம் ஆள் எப்படித் தலைமைக்கு வந்தார் என்ற சுவையான கேள்வியே வாசகருக்கு எழாது. முதலெழுத்தையோ முழுப்பெயரையோ விடாமல் போடுங்கள்.

1880-ல் ‘ருமேனிய அரசர்’ என்பதும் தவறு. நாட்டை ஆண்ட கரோல் அப்போது இளவரசர் பட்டத்தில்தான் இருந்தார். நாடு முடியரசானது 1881-ல். தேதியிலும் கவனம் வேண்டும். பழைய (ஜூலியன்) நாட்காட்டியில் ஏப்ரல் 17 என்பது புதியதில் (கிரெகோரியன்) ஏப்ரல் 29. வங்கியின் தொடக்கத்துக்கு இரண்டும் சொல்லப்படுவது இதனால்தான்.

சரி, ‘தேசிய வங்கி’ என்றால் முழுக்க அரசுடையது என்று நினைக்கலாமா? கூடாது. 3 கோடி லெய் (ருமேனிய நாணயம்) மூலதனத்தில் அரசின் பங்கு 1 கோடி. மீதி 2 கோடி தனியாருடையது. 1901-ல் அரசு தன் பங்கையும் விற்றுவிட்டது. தாராளவாதிகளின் பணக்கோட்டை என்று எதிர்க்கட்சி இந்த வங்கியைச் சாடியதை, இந்தக் கணக்கைச் சொல்லாமல் விளக்க முடியாது.

1877-ன் பணத்தாள்களை வங்கியின் முதல் நோட்டுகள் என்று எழுதுவது இன்னொரு பிழை. அவை ஒட்டோமான் பேரரசுக்கு எதிரான சுதந்திரப் போர்ச் செலவுக்காக, அரசு நிலங்களை ஈடாகக் காட்டி அரசே வெளியிட்டவை. அப்போது வங்கியே இல்லை. 1880-ல் அதே தாள்களின் மேல் வங்கியின் பெயரை அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். அப்படி ஒரு தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கீழே 1877-ன் பழைய வாசகம் அப்படியே இருக்கும், அதன் மேலே வங்கியின் பெயர் ஏறியிருக்கும்.