லாரி எஃப்சி வேலைக்கு நம்பி வண்டிய விட பட்டறைய கண்டுபிடிக்கது எப்படி? (புதுசா வண்டி எடுத்தவங்களுக்கு)

போன வாரம் வள்ளியூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். பழைய பத்து வீல் வண்டி ஒண்ண வாங்கிருக்கான், அடுத்த மாசம் எஃப்சி (வண்டி ரோட்டுல ஓட தகுதியா இருக்குன்னு குடுக்க சர்டிபிகேட்) முடியுது, "அண்ணே, எந்த பட்டறைல விடட்டும், எவ்வளவு துட்டு ஆவும்"னு கேக்கான். துட்ட பத்தி பெறவு பேசுவோம், மொதல்ல பட்டறைய பாப்போம்னு சொல்லி ஒரு மணி நேரம் பேசினேன். அவன மாதிரி மொத தடவையா எஃப்சிக்கு வண்டிய விடப்போறவங்க நெறைய பேரு இருக்கீங்க, அதனால அவனுக்கு சொன்னத அப்படியே இங்கன எழுதுதேன். கடை பேரு எதுவும் சொல்ல மாட்டேன். கடைய எப்படி பாக்கணும்னு மட்டும் சொல்லுதேன், அது தெரிஞ்சா திருநெல்வேலி பேட்டைலயும் பாக்கலாம், சங்கரன்கோவில்லயும் பாக்கலாம்.

மொதல்ல ஒரு விஷயத்த மனசுல போட்டுக்கிடுங்க. எஃப்சி வாங்கித் தார பட்டறை வேற, வண்டிய பாத்துத் தார பட்டறை வேற. ரெண்டுலயும் பெயிண்ட் ஒரே மாதிரி தான் மின்னும்.

எனக்கு இது எப்படி தெரியும்னா, சில வருஷத்துக்கு முந்தி எங்க வண்டிய ஒரு பட்டறைல விட்டோம். பேரு வேண்டாம். "நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம் அண்ணாச்சி, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிடுதோம்"னாங்க, நானும் லோடு லோடுனு அலைஞ்சிட்டு இருந்ததால சரின்னு சாவிய குடுத்துட்டேன். பில்லுல பிரேக் வேலைன்னு எழுதி துட்டு வாங்கிட்டாங்க, எஃப்சியும் கைக்கு வந்துட்டு. ஒரு மாசம் கூட ஆவல, தூத்துக்குடில உப்பு ஏத்திட்டு புனலூருக்கு போற வழில, புளியரை ஏறி ஆரியங்காவு தாண்டி தென்மலைக்கு எறங்குத எறக்கத்துல டிரைவர் அண்ணன் மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கு, அடுத்து மிதிச்சா பிடிக்கவே இல்ல. அவரு பழைய ஆளு, கியர ஒவ்வொண்ணா கொறச்சி மலைப் பக்கத்து மண்ணுல ஏத்தி நிப்பாட்டிட்டாரு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. அங்கனயே மெக்கானிக்க வரச்சொல்லி பின் வீல தொறந்தா, வீல் நடுவுல எண்ணெ வெளிய வராம தடுக்க ஹப் சீல் போயி, பின் ஆக்சில் கியருக்குள்ள இருக்க கிரவுன் ஆயில் கசிஞ்சு, டிரம்ம உரசி வண்டிய நிப்பாட்டுத பிரேக் லைனிங் முழுக்க நனைஞ்சு கெடக்கு. இன்னொரு பக்கம் லைனிங் தேஞ்சு ரிவிட் தலை டிரம்ம கோடு கோடா கிழிச்சிருக்கு. புது பெயிண்டுக்கு அடில வீல் நட்டு எல்லாம் பழைய மண்ணும் துருவுமா இறுகிப் போயி இருந்துச்சு. மெக்கானிக் சொன்னாரு, "இத தொறந்து ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்"னு. அன்னைல இருந்து டிரம்ம நான் பாக்காம வீல மூட விடுததில்ல.

சரி, இனி வரிசையா வாரேன்.

1. தேதிய பாருங்க, ஒரு மாசம் முந்தியே கெளம்புங்க

புது வண்டிக்கு மொத எஃப்சி ரெண்டு வருஷம். அதுக்கு பெறவு வண்டிக்கு 8 வயசு ஆவுத வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, 8 தாண்டிட்டா வருஷா வருஷம். எஃப்சி இல்லாத வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவுப்படி ஆர்சியே செல்லுபடி ஆவாது, அதனால "ரெண்டு நாள் தான, ஒரு லோடு அடிச்சிட்டு வந்துருதேன்"னு நெனைக்காதீங்க, அந்த ரெண்டு நாள்ல ஒரு ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் காரங்க மொத கேக்குதது எஃப்சிய தான்.

கடைசி வாரத்துல போனா பட்டறைக்காரரு சொல்லுதது தான் ரேட்டு, அவரு குடுக்குதது தான் வேலை. ஆயுத பூஜை, தீபாவளிக்கு முந்தி பெயிண்டர் கைல எடுத்த வேலைய முடிக்க மாட்டாரு, அந்த சமயத்துல தேதி வந்தா இன்னும் முந்தியே போங்க.

2. யார்ட்ட விசாரிக்கணும்

ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நிக்க ஏஜென்ட்டுட்ட விசாரிக்காதீங்க, அவருக்கு கமிஷன் வார கடைய தான் சொல்லுவாரு. எடை மேடைல, உப்பு லோடுக்கு காத்து நிக்க எடத்துல, கங்கைகொண்டான் சிப்காட் வாசல்ல பத்து வயசு தாண்டுன வண்டி ஓட்டுத டிரைவர்மார் இருப்பாங்க, அவங்கட்ட கேளுங்க. கேக்கும்போது "எஃப்சிக்கு எவ்வளவு ஆச்சு"ன்னு கேக்காதீங்க. "எஃப்சி காட்டி ஆறு மாசத்துக்குள்ள என்ன வேலை வந்துச்சு அண்ணே"ன்னு கேளுங்க. மூணு பேரு ஒரே பட்டறைய சொன்னா அங்க போய் பாக்கலாம். ஓனர்ட்ட கேக்குதத விட டிரைவர்ட்ட கேக்குதது நல்லது, எறக்கத்துல மிதிக்குதது அவரு கால் தான.

3. வண்டி இல்லாம போயி அரை மணி நேரம் நில்லுங்க

பைக்ல போங்க. ஒரு டீ வாங்கி குடிச்சிட்டு சும்மா நின்னு பாருங்க. வண்டிய ஜாக்கில தூக்கிட்டு அப்படியே அடில படுத்து வேலை பாக்காங்களா, இல்ல ஸ்டாண்டு குடுத்து, மத்த வீலுக்கு கட்டை போட்டு பாக்காங்களா? ஸ்டாண்டு குடுக்காத பட்டறைய விட்டு வந்துருங்க, தன்ட்ட வேலை பாக்க பையன் உயிர பாக்காத மேஸ்திரி உங்க வண்டிய பாக்க மாட்டாரு. பின்னாடி பார்க்கிங் பிரேக் சேம்பர்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள பெரிய ஸ்பிரிங் அமுங்கி இருக்கும், போல்ட் போட்டு அத பிடிச்சு வைக்காம கழட்டினா மூடி குண்டு மாதிரி பறக்கும். அந்த போல்ட்ட போட்டுட்டு தான் கை வைக்காங்களான்னு முடிஞ்சா பாருங்க.

கழட்டுன சாமான் எங்க கெடக்குன்னும் பாருங்க. நல்ல பட்டறைல ஒரு வண்டி சாமான் ஒரு தட்டுல இருக்கும், மூணு வண்டி நட்டு போல்ட்டு ஒரே டப்பால கெடக்காது.

பெறவு மேஸ்திரிட்ட பேச்சு குடுங்க. "டிரம் தொறக்கும்போது நான் வந்து நிக்கலாமா?" இது ஒண்ணு போதும். "தாராளமா வாங்க, காலைல பத்து மணிக்கு தொறப்போம்"னு சொல்லுதவரு ஒரு ரகம், "அதெல்லாம் நீங்க எதுக்கு அண்ணாச்சி, நம்பிக்கை இல்லையா"ன்னு கேக்கவரு இன்னொரு ரகம். ரெண்டாவது ஆளுட்ட கோவப்படாம வணக்கம் சொல்லிட்டு வந்துருங்க.

4. எஸ்டிமேட்ட எழுதி வாங்குங்க

"எஃப்சி மொத்தமா இவ்வளவு"ன்னு ஒரே ரேட்டா சொன்னா ஒத்துக்கிடாதீங்க. பிரேக் தனி, டிங்கரிங் தனி, பெயிண்ட் தனி, எலக்ட்ரிக் தனி, கவர்மென்ட் பீஸ் தனின்னு பிரிச்சு ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க. பீஸ் பரிவாகன்ங்க கவர்மென்ட் வெப்சைட்ல ஆன்லைன்ல கட்டுதது தான், ரசீது உங்க வண்டி நம்பர்ல வரும், அந்த ரசீத கேட்டு வாங்குங்க. தொறந்து பாத்த பெறவு கூடுதல் வேலை வந்தா போன் பண்ணி கேட்டுட்டு தான் செய்யணும்னு சொல்லிருங்க, கழட்டுன பழைய சாமான் எல்லாம் எனக்கு வேணும்னும் சொல்லிருங்க. பழைய சாமான் வேணும்னு சொன்ன உடனேயே பாதி தப்பு நின்னுரும்.

5. வேலை வரிசை: பிரேக் மொதல்ல, பெயிண்ட் கடைசில

இத ரொம்ப பேரு தலைகீழா செய்யுதாங்க. பெயிண்ட் அடிச்ச பெறவு யாருக்கும் வீல கழட்ட மனசு வராது.

டிரம் தொறக்க அன்னைக்கு லோடு எடுக்காதீங்க, போயி நில்லுங்க. லைனிங்ல ரிவிட் தலைக்கு மேல எவ்வளவு கனம் மிச்சம் இருக்குன்னு பாருங்க. டிரம் உள்பக்கம் விரல வச்சு தடவுங்க, வரி வரியா தட்டுப்பட்டா லேத்துக்கு போவணும், ரொம்ப தேஞ்சிருந்தா மாத்தணும். லைனிங் மேல எண்ணெ பிசுபிசுப்பு இருந்தா சீல் போச்சுன்னு அர்த்தம், லைனிங்க மட்டும் பெட்ரோல் போட்டு தொடச்சிட்டு மூடினா அது வேலையே இல்ல. லைனிங் மாத்துனா ஒரு ஆக்சில்ல ரெண்டு பக்கமும் சேத்து தான் மாத்தணும், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா வண்டி இழுக்கத்தான் செய்யும்.

மூடின பெறவு காத்து ஏத்துங்க. மீட்டர்ல 7, 8 பார் வந்ததும் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு பிரேக்க மிதிச்சு பிடிச்சுக்கிடுங்க, கிளீனர் தம்பிய அடில விட்டு காத சாய்ச்சு கேக்கச் சொல்லுங்க. எங்கயாவது புஸ்ஸுன்னு சத்தம் வருதா, முள்ளு கடகடன்னு எறங்குதான்னு பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை, பக்கத்து கம்ப்ரசர நிப்பாட்டிட்டு செய்யணும், இல்லன்னா ஒண்ணும் கேக்காது.

முன் வீல தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. லொட லொடன்னா கிங்பின் (முன் வீல் திரும்புத ஆணி) புஷ்ஷோ பேரிங்கோ போயிருக்கு. ஸ்பிரிங் பட்டைல வெடிப்பு, யூ போல்ட் தளர்வு எல்லாம் கண்ணாலேயே தெரியும். இப்ப தானியங்கி டெஸ்டிங் ஸ்டேஷன் இருக்க எடத்துல வீல ரோலர்ல ஏத்தி எடது எவ்வளவு பிடிக்கு வலது எவ்வளவு பிடிக்குன்னு மிஷினே அளந்துரும், அங்க பெயிண்ட் ஒண்ணும் பேசாது.

6. உப்பு ஏத்துன வண்டின்னா சுத்தியல எடுங்க

நம்ம பக்கத்து வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். தூத்துக்குடி உப்புத் தண்ணி பாடில இருந்து ஒழுகி சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவுல தங்கும், வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள அப்பளம் மாதிரி உரிஞ்சிட்டு வரும். பழைய வண்டி வாங்குனவங்களுக்கு முன்னாடி என்ன லோடு ஓடிச்சுன்னு தெரியாது, அதனால பெயிண்டர் வாரதுக்கு முந்தி சின்ன சுத்தியல எடுத்து சேஸிஸ் கிராஸ் மெம்பர (குறுக்கு சட்டத்த) ஒரு முனைல இருந்து தட்டிட்டே வாங்க. நல்ல இரும்பு ணங்குன்னு சொல்லும். துரு தின்ன எடம் தொப்புன்னு சொல்லும், சில்லு கீழ உதிரும். அந்த எடத்துல சாக்பீஸ்ல வட்டம் போடுங்க, மேஸ்திரிய கூப்பிட்டு காட்டுங்க. வெட்டி எடுத்து புது தகடு வச்சு வெல்டிங் பண்ணுதேன்னு சொன்னா அவரு நம்ம ஆளு. "பட்டி பாத்து அடிச்சிட்டா தெரியாது"ன்னு சொன்னா வண்டிய அன்னைக்கே வெளிய எடுங்க, இருபது டன் லோடு பட்டி மேல நிக்காது.

சேஸிஸ் நம்பர் இருக்க எடத்துல கிரைண்டரோ பட்டியோ படவே கூடாதுன்னு டிங்கர்ட்ட நீங்களே நேர்ல சொல்லுங்க. பென்சில வச்சு நம்பர் பிரிண்ட் எடுப்பாங்க, எழுத்து அழிஞ்சா நீங்க அலையுத அலைச்சல் கொஞ்ச நஞ்சம் இல்ல.

7. மத்த சில்லறை வேலை

டயர்ல பட்டன் (மேல இருக்க வெட்டோட ஆழம்) 1.6 மில்லிமீட்டருக்கு கொறையக் கூடாது. ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் முன்னாடி வெள்ளை, பின்னாடி செவப்பு, பக்கத்துல மஞ்சள், மேல ஏஐஎஸ் 090 முத்திரை இருக்கான்னு பாத்துக்கிடுங்க. ஸ்பீடு கவர்னர் மணிக்கு 80 கிலோமீட்டர், டிப்பருக்கு 60. லைட்டு, இண்டிகேட்டர், வைப்பர், ரிவர்ஸ் ஹாரன், பின்னாடி பம்பர் கம்பி, பக்கவாட்டு கம்பி. ஏர் ஹாரன் இருந்தா கழட்டிருங்க. பேப்பர்ல ஆர்சி, பெர்மிட், இன்சூரன்ஸ், டாக்ஸ், புகை சர்டிபிகேட் எல்லாம் தேதி ஓடுதான்னு பாத்து ஒரு கவர்ல போட்டு வைங்க. எலக்ட்ரீஷியன் வயரு மேல டேப்ப சுத்திட்டு போறாரா, இல்ல கட் ஆன எடத்த மாத்துதாரான்னு மட்டும் ஒரு பார்வை பாருங்க, மழைல ஒயர் ஷார்ட் ஆவுதது இதனால தான்.

8. பிரேக் இன்ஸ்பெக்டர்ட்ட (எஃப்சிக்கு வண்டிய பாக்க ஆர்டிஓ ஆபீஸ் அதிகாரி) காட்டுததுக்கு முந்தி

முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரிய பக்கத்துல உக்கார வச்சு நீங்களே ஒரு ரவுண்டு போங்க. ஆள் இல்லாத ரோட்டுல 30, 40 வேகத்துல போயி ஸ்டியரிங்க லேசா பிடிச்சுட்டு மிதிங்க, நேரா நிக்கணும். நின்னதும் எறங்கி எல்லா டிரம்முக்கு பக்கத்துலயும் கைய கொண்டு போங்க, தொடாதீங்க, ஒண்ணு மட்டும் ரொம்ப காந்துனா அந்த பிரேக் பிடிச்சே கெடக்கு. மறுநாள் காட்டும்போது நீங்களும் கூட போங்க. இன்ஸ்பெக்டர் எதையாவது கொறைன்னு சொன்னா அத காதால கேளுங்க, ஏஜென்ட் வந்து சொல்லுத கதை வேற மாதிரி இருக்கும்.

9. வண்டிய எடுக்கும்போது

பில்ல வாங்குங்க, பழைய லைனிங், சீல், பேரிங் எல்லாத்தையும் எண்ணி சாக்குல போடுங்க. எந்த கிலோமீட்டர்ல எந்த வீல்ல என்ன மாத்துனாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வண்டிலயே வைங்க, அடுத்த வருஷம் இதே பட்டறைக்கு வரலாமா வேண்டாமான்னு அந்த நோட்டு சொல்லும். நான் இப்ப போற மேஸ்திரி சாவிய குடுக்கும்போது ஒண்ணு சொல்லுவாரு, எல்லா பட்டறைக்காரரும் சொல்ல மாட்டாங்க: வீல் கழட்டி மாட்டுன வண்டி 50, 100 கிலோமீட்டர் ஓடுன உடனே நட்டு எல்லாத்தையும் இன்னொரு தடவ டைட் வைக்கணும். இங்கன இருந்து கெளம்பி தூத்துக்குடி போய் நிக்கும்போது சரியா இருக்கும், லோடுக்கு வரிசைல நிக்க நேரத்துல ஸ்பேனர எடுத்து பத்து வீலையும் ஒரு சுத்து வந்துருங்க.