பின்னக் கணக்கில் கூட்டலா, பெருக்கலா?

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பின்னங்களைக் கூட்டவும் வகுக்கவும் நன்றாகவே தெரியும். வாக்கியக் கணக்கு வந்தால்தான் எதைச் செய்வது என்று தடுமாறுவாள். ‘மீதி’ என்று இருந்தால் கழி, ‘மொத்தம்’ என்றால் கூட்டு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அந்த முறையில் நம்பிக்கையே இல்லை.

முதலில், ஒவ்வொரு பின்னத்துக்கும் அலகு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். 3/4 லிட்டர் எண்ணெயில் 1/3 லிட்டர் செலவானால் மீதி 5/12 லிட்டர். இது நேரடிக் கழித்தல். அதே எண்ணெயில் 1/3 பங்கு செலவானால்? இங்கே 1/3க்கு அலகு இல்லை, 3/4இன் ஒரு பகுதி அது. முதலில் பெருக்க வேண்டும்: செலவு 1/4 லிட்டர், மீதி 1/2 லிட்டர். இரண்டிலும் ‘மீதி’ உண்டு, விடை வேறு. இந்த இடத்தில்தான் அவளுக்குப் பிடிபட்டது.

வகுத்தல் இன்னும் சிரமம். 3/4 மணி நேரத்தில் பாதிச் சுவருக்கு வண்ணம் அடித்தால், முழுச் சுவருக்கு எவ்வளவு நேரம்? பின்னத்தை எடுத்துவிட்டு முழு எண் போடு என்றேன். 6 மணி நேரத்தில் 2 சுவர், ஒன்றுக்கு? “வகுக்கணும்பா, 3!” என்றாள். சரி, அதையே இங்கும் செய்: 3/4 ÷ 1/2, அதாவது ஒன்றரை மணி நேரம்.

அப்புறம், கணக்கைப் போடுவதற்கு முன்பே விடை பெரிதாக வருமா, சிறிதாக வருமா என்று கேட்பேன். பாதிக்கே முக்கால் மணி ஆனால் முழுதுக்கு அதைவிடக் கூடத்தானே ஆகும்? இப்போது அவளே இதைக் கேட்டுக்கொள்கிறாள்.